திரும்ப அழைக்க இயலாத அஸ்திரம்

லிபியப் போரில் 2020-ஆம் ஆண்டு ‘கார்கு-2’ என்னும் துருக்கி நாட்டுச் சிறு பறக்கும் இயந்திரம் பயன்பட்டதாக, 2021-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை குறிப்பிடுகிறது. ஏவியவருடன் தொடர்பு தேவையின்றியே இலக்கைத் தாக்கும்படி அது அமைக்கப்பட்டிருந்ததாம்.

இத்தகைய கருவிகள் நடைமுறைக்கு உகந்தவையா? உகந்தவையே என்பர் போர்க்கலை வல்லுநர். எடை சில கிலோதான். ஏவுபவனுக்கு ஆபத்து குறைவு. எதிரி வானொலி அலைகளைக் குலைத்தால், மனிதன் தொலைவிலிருந்து இயக்கும் கருவி செயலற்றுப் போகும். தானே முடிவெடுக்கும் கருவியோ தொடர்ந்து செல்லும். உக்ரைன் போர்க்களம் கற்பித்த பாடம் இது.

ஆனால் எந்தத் தொடர்பு தேவையில்லை என்பது அதன் சிறப்போ, அதே தொடர்பின் வழியாகத்தான் ‘நில்’ என்னும் கட்டளையும் செல்ல வேண்டும்.

மகாபாரதத்தில் அர்ஜுனனும் அசுவத்தாமனும் ஏவியது ஒரே அஸ்திரத்தை. (கற்பித்த குருவும் ஒருவரே.) முனிவர்கள் இடையில் வந்து நின்றதும் அர்ஜுனன் தன் அஸ்திரத்தைத் திரும்பப் பெற்றான். அசுவத்தாமனால் இயலவில்லை, அது உத்தரையின் கருவிலிருந்த சிசுவைத் தாக்கியது. மீட்கும் ஆற்றல் புலனடக்கம் உடையவனுக்கே உண்டு என்கிறது இதிகாசம்.

சரணடைபவனை அடையாளம் காண இயந்திரத்துக்குக் கற்பிக்கலாமே என்பர் சிலர். கற்பிக்கலாம். ஆயினும் அடையாளம் காண்பது வேறு. ஏவியபின் மனம் மாறுவது வேறு. அர்ஜுனன் செய்தது இரண்டாவது.