ஒன்பதாயிரத்தில் ஒரு மறைப்பு

கிள்ளானில் என் பட்டறைக்கு ஹோண்டா எஸ்2000 கொண்டுவரும் தம்பிகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, லிமிட்டர்ல இடிச்சிட்டேன், எஞ்சின் போயிருக்குமா?" கேட்கிறவன் முகம் விரதநாளில் கறி தின்றவன் முகமாக இருக்கும்.

போயிருக்காது என்பதே என் பதில். அந்த வண்டியின் 1,997 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடக்கூடியது. 84 மில்லிமீட்டர் தூரத்தை ஏறி இறங்கும் பிஸ்டன், அந்தச் சுற்றில் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்பியாக வேண்டும். அப்போது இணைப்புத் தண்டின் மேல் விழும் இழுப்பு, சுற்று ஏற ஏற அதன் வர்க்கமாக ஏறும். அதனால் எல்லை வந்ததும் கணினி பெட்ரோலை நிறுத்திவிடுகிறது; லிமிட்டர் என்பது இதுதான். வெடிப்பு நின்று சுற்று இறங்கியதும் மறுபடி பெட்ரோல் வருகிறது. தடதடவென்று உலுக்குவதால் ஓட்டுகிறவன் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறான்.

2004-ல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் பிஸ்டன் ஓடும் தூரத்தை 90.7 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். எல்லை 8,000 பக்கம் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிஸ்டன் வேகம் ஏறத்தாழ அதேதான். எல்லையை யாரும் மனம்போனபடி வைப்பதில்லை. அந்தந்த உடம்புதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் நடக்கும் சித்தாந்த வகுப்பில் இறைவனின் ஐந்தொழிலைப் படிக்கும்போது எனக்கு இந்த லிமிட்டர்தான் நினைவுக்கு வந்தது. படைத்தல், காத்தல், அழித்தல் சரி. மறைத்தல் எதற்கு? இறைவன் எதையாவது ஒளித்துவைப்பானா? சைவ சித்தாந்தம் அதையும் அருளின் வேலை என்றே சொல்கிறது. உயிரைப் பிணித்திருக்கும் மலம் பழுக்கும்வரை அந்த உயிரோடு கூட இருந்து நடத்துவது திரோதான சக்தி. வெளியிலிருந்து பார்த்தால் அது தடையாகவே தெரிவதால், அதையும் மலங்களில் ஒன்றாக உபசாரமாக எண்ணிவிட்டார்கள். என் பட்டறைக்கு வருகிற தம்பியும் அப்படித்தான், காத்த கையைப் பார்த்து அடித்த கை என்கிறான்.

ஆனால் இந்த அருளுக்கு எட்டாத ஓர் இடம் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. செப்பாங் பந்தயப் பாதையில் நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவுக்காகப் பிரேக்கை அழுத்துகிறீர்கள். 5-ஆம் கியரில் 6,000 சுற்று. 4-க்கு இழுக்க வேண்டிய கை இடப்பக்கம் கொஞ்சம் கூடப் போய் 2-இல் விழுகிறது. கிளட்சை விட்ட கணம் சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும். 12,000-ஐத் தாண்டும். கணினி பெட்ரோலை நிறுத்தத்தான் செய்யும், ஆனால் இப்போது சுழற்றுவது பெட்ரோல் இல்லையே! ஓடி ஓடிச் சேர்த்த வேகம். வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் விரிசல் விடும். வால்வு பிஸ்டனில் முட்டும்.

காலடியில் இருக்கிற ஆக்ஸிலரேட்டர் ஆணவ மலம் என்றால், சக்கரத்தில் சேர்ந்துவிட்ட ஓட்டம் பலன் தரத் தொடங்கிவிட்ட கன்மம். முதலாவதற்குத் தடை போடலாம். இரண்டாவது அனுபவித்துத்தான் கழியும். மறைப்பை அருள் என்று நம்புகிறவர்கள்கூட, எல்லாவற்றுக்கும் அது காவல் நிற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். கோயிலுக்கு வந்து போகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் மயக்கம் இதுதான். (என்னிடமும் கொஞ்சம் உண்டு.)

இன்னொரு கூட்டம் இருக்கிறது: நின்ற இடத்திலேயே மிதித்து, லிமிட்டரைப் படபடக்கவிட்டுக் கைதட்டு வாங்குகிறவர்கள். பெட்ரோலை விட்டுவிட்டுத் தீப்பொறியை மட்டும் நிறுத்தும் மாற்றுக் கணினி பொருத்திய வண்டியானால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் எரிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். காப்பாற்றவென்று வைத்ததை வேடிக்கைக்குக் கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. அந்த வண்டிகளுக்கு நான் கூலி குறைத்துக்கொள்வதுமில்லை.

தம்பிகளே, 9,000-ஐத் தொட்டதற்கு என்னிடம் ஓடி வர வேண்டாம். எண்ணெய் அளவை மட்டும் பாருங்கள், இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும். கியரைத் தவறாகப் போட்டிருந்தால் மட்டும் வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.