ஜெம் கிளிப் சோதனை

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றைக்காவது ஒரு காலையில் திடீரென்று மண்டையைப் போட்டிருக்கிறதா? பொத்தானை அழுத்தினால் உள்ளே ஃபேன் அரைச் சுற்று சுற்றி, 'ம்ஹூம்' என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினாலும் அதே அரைச் சுற்று, அதே ம்ஹூம்.

எங்கள் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை காலை அப்படித்தான் படுத்தது. உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? ப்ளக்கைப் பார்க்கவில்லை, ஒயரை ஆட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நேத்து ஈரத் துணியோட இந்தப் பக்கம் வந்தியா? எதையாவது தொட்டியா?" என்று கேட்டேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் அந்த மேஜைகிட்டயே வரலை சார்." அவ்வளவுதான். மனைவி, மாமியார், பையன் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒரு சாதாரண கேள்விதானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் விஞ்ஞானியானேன். சுவர் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். கரன்ட் இருந்தது. ஸ்பைக் பஸ்டரை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டினேன். மானிட்டரின் கார்டைப் பிடுங்கி இதற்குப் போட்டேன். (ஃபேன் அரைச் சுற்று சுற்றுகிறது என்றாலே கரன்ட் உள்ளே வருகிறது என்றுதானே அர்த்தம்? இது எனக்கு மத்தியானம்தான் உறைத்தது.)

பாக்கி இருந்தது எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிற தகர டப்பா. அதைத் தனியாகச் சோதிக்க ஒரு ஜெம் கிளிப் போதும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் செருகியிருக்கும் 24 துளைக் கனெக்டரைக் கழற்ற வேண்டும். கிளிப்பை நிமிர்த்தி, பச்சை ஒயரின் துளையில் ஒரு முனை, ஒரு கறுப்பு ஒயரின் துளையில் மறு முனை. இப்போது கரன்ட் கொடுத்தால், 'எழுந்திரு' என்று மதர்போர்டே உத்தரவு போட்டதாக டப்பா நினைத்துக்கொள்ளும். ஃபேன் ஓடினால் உயிர் இருக்கிறது. டப்பாவின் மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

ஃபேன் ஜம்மென்று ஓடியது. மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் ஏறக்குறைய 12 காட்டியது. 5 சதவிகிதம் ஏறலாம், இறங்கலாம், அதற்குள்தான் இருந்தது. அப்படியானால் டப்பா நிரபராதியா? அதுவும் சொல்ல முடியாது. சும்மா இருக்கும்போது 12 காட்டுகிற டப்பா, மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து இழுக்கிறபோது துவண்டுவிடலாம். பாரம் ஏற்றாமல் வைக்கிற பரீட்சையில் எல்லோரும் பாஸ். மனுஷர்களும் அப்படித்தானே?

சந்தேகத்தோடு இருப்பதைவிடச் செலவழிப்பது சுலபம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வந்து மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். அரைச் சுற்று. ம்ஹூம்.

அப்போதுதான் புத்தி வந்தது. டப்பா சாகவே இல்லை. எங்கேயோ ஷார்ட் ஆகிறது. அது தெரிந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். எல்லாவற்றிலும் அந்தக் காவல் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக் கழற்றிப் பொத்தானை அழுத்தினேன். ஹார்டு டிஸ்க், ம்ஹூம். டி.வி.டி. டிரைவ், ம்ஹூம். கேபினட்டின் முன்பக்க யு.எஸ்.பி.க்குப் போகிற சின்ன ஒயரைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் கிளம்பிவிட்டது.

டார்ச் அடித்து அந்த யு.எஸ்.பி. துளைக்குள் பார்த்தேன். உள்ளே நாக்கு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் உடைந்து, பின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லைட்டைக்கூடப் போடாமல் பென் டிரைவைத் தலைகீழாகச் செருகி, போகவில்லையே என்று அழுத்தியது யார்? வேறு யார், நான்தான்.

ரிப்பேர் கதை இங்கே முடிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

கோளாறு கண்டுபிடிப்பதில் ஒரு விதி உண்டு: எது சுலபமோ அதை முதலில் சோதி. ப்ளக்கைப் பார்க்கக் குனிய வேண்டும். கார்டை மாற்றத் தூசிக்குள் கை விட வேண்டும். அந்த அம்மாவைக் கேட்க நான் அசையவே வேண்டியதில்லை. எனக்கு அதைவிடச் சுலபமான சோதனை வேறில்லை. யாருக்குச் சுலபம் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. என் மாமியாரிடம், "நேத்து இங்கே எதையாவது தொட்டீங்களா?" என்று அதே குரலில் கேட்டிருப்பேனா? நீங்கள் கேட்பீர்களா?

பொருளைச் சோதிப்பதும் மனுஷரைச் சோதிப்பதும் ஒன்றில்லை. ஜெம் கிளிப்பை எடுத்துவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். பழையபடி எஸ்.எம்.பி.எஸ்.தான், சந்தேகப்பட்டார்களே என்று அதற்கு வருத்தமில்லை. ஆனால் 'தொட்டியா?' என்று கேட்டு முடித்தபோதே நான் ஒரு காரியம் செய்தாகிவிட்டது. பதில் என்னவாக இருந்தாலும் அந்தக் கேள்வி திரும்பி வராது. 'சும்மா கேட்டேன்' என்கிறோமே, அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

அப்படியென்றால் யாரையுமே சந்தேகப்படக் கூடாதா? வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அறம், பொருள், இன்பம், உயிர் அச்சம் என்று நாலு விதமாகச் சோதித்து ஆளை எடுக்கச் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னது அரசனுக்கு. அதிகாரத்தைக் கையில் கொடுக்கப்போகிற ஆட்களைப் பற்றி. நாமோ அதிகாரத்தில் இருப்பவர்களை 'பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார்' என்று விட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கிறவர்களைப் பரீட்சை செய்துகொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை அவர் வந்ததும் சமையலறையில் தனியாகச் சொன்னேன். "கம்ப்யூட்டரை உடைச்சது நான்தாம்மா. உன்னைக் கேட்டது தப்பு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள்: "கேட்டது ஹால்ல, எல்லார் முன்னாடியும். தப்புன்னு சொல்றது மட்டும் சமையலறையிலயா?"

அதற்கடுத்த நாள் ஹாலில், மாமியாரும் பையனும் இருக்கும்போது இன்னொரு தரம் சொன்னேன். நாக்கு கொஞ்சம் குழறியது. அவர் தலை நிமிரவில்லை. "விடுங்க சார், காலைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். நாற்காலிக்குக் கீழே துடைத்துவிட்டு, மேஜைக்கு ஒரு முழம் தள்ளியே நின்று திரும்பிப் போனார்.

இப்போதும் அந்த மேஜையை அவர் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் துடைக்கிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்.தான் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுசு பரணில் இருக்கிறது.