மதிலின் அந்தப் பக்கம்

கொன்றை பூத்தால் ஊரெல்லாம் விஷுக்கணியை நினைக்கும். என் அம்மா ஓட்டை அண்ணாந்து பார்ப்பாள். "மக்களே, இடவப்பாதிக்கு முன்ன ஆள ஏத்தணும்." பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊர்களில் வசந்தம் என்பது இந்த அண்ணாந்த பார்வைதான். ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அதற்குள், மீனத்திலும் மேடத்திலுமாக, வீட்டின் வெளியுடம்பைத் தேற்றிவிட வேண்டும்.

ஓடு மாற்ற ஏறுகிறவரின் காலைப் பார்க்க வேண்டும். அடியில் கழுக்கோல் போகும் கோட்டைக் கண்ணால் அளந்து, அதன்மேல் மட்டுமே பாதத்தை வைப்பார். நடுவில் மிதித்துவிட்டால், ஒன்றை மாற்ற ஏறியவர் நாலை உடைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். உடைந்ததற்கு மேல்வரிசை ஓட்டைச் சற்றே தூக்கிப் பிடித்து, கீழுள்ளதை உருவி, புதியதைச் செருகுவார். கூரைப் பாத்தியில் ஒரு வருடத்துப் பலாச்சருகு மக்கிக் கறுப்பு மண்ணாகிக் கிடக்கும். அதில் விரற்கடை உயரத்தில் ஒரு ஆலங்கன்று. விட்டால் வீட்டையே கேட்கும்.

சுவர்களில் மேற்குச் சுவர்தான் பாவம். கடல்காற்றோடு சாய்ந்து வரும் மழை அதைத்தான் அறையும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. குடித்த ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன் காரத்தில் பாசியும் லேசில் பிடிக்காது. நான் ஒரு வருடம் கெட்டிக்காரத்தனமாக எமல்ஷன் அடித்தேன். உள்ளே அடைபட்ட ஈரம் அந்த மழைக்காலத்திலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிச் சுவரை உரித்துப் போட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நீற்றிய சுண்ணாம்பை மூடிவைத்திருந்த கலயத்தை மட்டும் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

இப்படி வீட்டின் புறத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்களில் எனக்குப் பத்மநாபபுரம் அரண்மனை நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அத்தை வீடு ஒரு மாநிலம், அம்மா வீடு வேறு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் இங்கே நிறைய. கல்குளத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த அரண்மனையின் மண் தமிழ்நாட்டுடையதாயிற்று. அரண்மனையோ கேரளத்திடமே இருந்தது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. அதன் ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் ஆகும் செலவு களியக்காவிளை எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடு போட்டவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். கூரையைப் பற்றிய கவலையை அப்படிப் பிரிக்க முடியவில்லை.

அதே கோட்டை வேறு சிலதும் தாண்டுகின்றன. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதும் கேரளம் லாரி அனுப்பி அதை அள்ளிக்கொண்டு போயிற்று. செய்தியைப் படித்தபோது எங்கள் ஊர்க்காரனாக வெட்கப்பட்டேன். பேப்பரை மடித்து வைத்தபோது வேறொன்று உறைத்தது. ஓட்டிலிருந்து இறங்கிய உடைசலையும், சுவரில் சுரண்டிய பாசியையும் வருடா வருடம் நான் எங்கே போடுகிறேன்? மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சேச்சியின் வாழைமூட்டில். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என் வீடு பளிச்சென்று இருக்கும்.

மதிலுக்கு இரண்டு முகம். வெள்ளையடித்த முகத்தை நான் பார்க்கிறேன். அடிக்காத முகத்தை, விடிந்து அடுக்களைக் கதவைத் திறந்தவுடன் சேச்சி பார்க்கிறார். வீட்டின் உள்ளே நான் வாழ்கிறேன், சரி. அதன் வெளிப்புறத்தை வைத்துக்கொண்டு வாழ்வது பெரும்பாலும் அடுத்த வீட்டார்தான். பத்திரத்தில் மதில் என் பெயரில் இருக்கிறது. அந்தப் பாசியோ ஆறு வருடமாகச் சேச்சி கண்முன்னால்.

இந்த மேடத்தில் வாளியும் இரும்புத் தூரிகையுமாகச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். எதற்கு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் வாழைமூட்டு உடைசலைச் சாக்கில் அள்ளினேன். பிறகு தேய்க்கத் தொடங்கினேன். நனைந்த கம்பளி போலப் பாசி பாளம் பாளமாக விழுந்தது. அடியிலிருந்து அப்பா காலத்துச் சுண்ணாம்பு, நீலம் கலந்த வெள்ளை, எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கமும் அப்பா அடித்திருக்கிறார்!

சேச்சி ஹோஸைக் கொண்டுவந்து கையில் தந்தார்.

"நின்டெ அப்பன் இருந்தப்ப இங்க வந்துதான் சாயா குடிப்பாரு," என்றார். "இன்னும் மேல தேய் மோனே, அங்கதான் நெறைய கெடக்கு."