தெளிவும் கருணையே

நாயைப் பழக்குவது அதன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா என இளகிய மனத்தினர் வினவுவதுண்டு. 1914இல் இரஷ்ய அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில், வட்டத்தைக் கண்டால் உணவு வரும், நீள்வட்டத்தைக் கண்டால் வராது என ஒரு நாய் கற்றது; அமைதியாகவே நின்றது. பின்னர் நீள்வட்டத்தைப் படிப்படியாக வட்டத்தை ஒத்ததாக்கினர். அதன் நீள அகலங்கள் 9க்கு 8 என நெருங்கியபோது நாய் அலறியது, கருவிகளைக் கடித்தது, முன்பு எளிதாய் அறிந்ததையும் அறிய இயலாது தவித்தது. அதனைக் குலைத்தது அடியன்று, தெளிவின்மையே.

தாவி வரும் நாயை இன்று கொஞ்சுகிறோம்; நாளை வெள்ளுடை அணிந்திருக்கையில் அதே தாவலுக்கு அதட்டுகிறோம். நம் மனநிலையை அது எவ்வாறு கணிக்கும்? அஞ்சி ஒடுங்குகிறது, அல்லது சீறுகிறது. மாறாத சொல்லே அதற்குக் காலூன்றும் தரை. வாயில்லா உயிரிடம் கீழ்ப்படிதலைக் கேட்கும் நாம், முதலில் நம் சொல்லுக்கு நாமே கீழ்ப்படிகிறோமா?