ஒரு மரத்திற்கு மற்றொரு மரம் ஈடாகுமா?

ஈடு என்பது யாது? இழந்த பொருளுக்கு நிகரான பொருளைத் தருவதா? அன்றி, இழந்தவன் ஆறுதல் பெற வேறொன்றைத் தருவதா? தில்லியில் நம் அன்பர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் இவ்வினா எழுந்தது.

பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரும் அமைப்பதற்காக, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக்கொடுக்க மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் கொள்கையளவில் இசைவு அளித்தது. அதற்கு ஈடாக மரம் வளர்க்கக் குறிக்கப்பெற்ற இடமோ, தில்லியை அடுத்த அரியானா மாநிலம். இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். "மரத்திற்கு மரம் சரியாய்ப் போயிற்று, இதில் குறை என்ன?" என்றார் அன்பர் ஒருவர். துறைமுகம் வேண்டுமா, வேண்டாவா என்பது வேறு வழக்கு. 'சரியாய்ப் போயிற்று' என்னும் அச்சொல்லையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், தீவில் நிற்கும் மரம் எவ்வாறு அம்மரம் ஆயிற்று என்று அறிதல் வேண்டும். கடல் நடுவே தனித்துக் கிடக்கும் நிலத்திற்கு விதை போய்ச் சேரும் வழிகள் மிகச் சில. அலை கொண்டு சேர்க்கும். காற்று கொண்டு சேர்க்கும். பறவையின் வயிற்றிலோ காற்சேற்றிலோ ஒட்டிச் செல்லும். டார்வின் என்னும் பேரறிஞர் 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறவைத்துப் பார்த்தார். 28 நாட்கள் சென்ற பின்னும் 64 வகைகள் முளைத்தன. எனினும் முளைக்கும் ஆற்றல் ஒன்று, மிதந்து கரை சேரும் நல்வாய்ப்பு மற்றொன்று. ஆகவே கரை சேர்ந்தவை சிலவே.

சேர்ந்த விதை தனியே சேர்ந்தது என்பதைக் கருதுக. தாயகத்தில் அதனை மேய்ந்த விலங்கு உடன் வரவில்லை. அதனோடு நிலத்திற்குப் போட்டியிட்ட செடி வரவில்லை. தாயகத்து மகரந்தமும் மீண்டும் வந்து கலக்கவில்லை. தலைமுறைதோறும் தோன்றும் சிறு வேறுபாடுகளுள் அம்மண்ணுக்கும் அம்மழைக்கும் பொருந்தியவை நிலைத்தன, பொருந்தாதவை ஒழிந்தன. பல்லாயிரம் தலைமுறை கழிந்த பின் பார்த்தால், வந்தது வேறு, நிற்பது வேறு! அவாய்த் தீவுகளில் புதினாக் குடும்பத்துச் செடிகள் பல தம் மணத்தை விட்டன. மணமும் முள்ளும் மேய்வார்க்கு அஞ்சிச் செடி செய்துகொள்ளும் செலவுகள் அல்லவோ? அச்சம் நீங்கிய இடத்தில் வீண்செலவை விட்ட செடியே செழித்தது. செயிண்டு எலினாத் தீவிலோ, சாமந்திக் குடும்பத்துச் செடிகள் மரங்களாகவே ஓங்கின.

இனி நிக்கோபாருக்கு வருவோம். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிக்கும் தீவு இது, தமிழர்க்குப் புதிதன்று. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய் என்னும் கடல் கிடக்கின்றது. அதன் வடபால் ஓங்கி நிற்கும் குர்ஜன் மரமும் படாக் மரமும் தென்பால் இல்லை. தென்பால் மரம்போல் நெடிது வளரும் பெரணி வடபால் இல்லை. ஒரு கால்வாய் இத்துணை வேற்றுமை செய்தது!

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. பெண்டிங்கியா என்னும் பனையினத்தில் இரண்டே வகைகள் உள்ளன. ஒன்று, நம் பொதிகை முதலிய தென்மலைகளின் பாறைச் சரிவுகளில் வளர்வது. மற்றொன்று, நிக்கோபாரில் மட்டும் இயற்கையாய் வளர்வது. (சென்னையில் ஆளுநராய் இருந்த வெள்ளைக்காரப் பிரபுவின் பெயரை இம்மரம் சுமப்பது அதன் பிழையன்று.) ஒரே குடிப்பிறந்த இரண்டும், ஒன்று மலையைச் சார்ந்து ஒருவிதமாயிற்று, மற்றொன்று தீவைச் சார்ந்து வேறுவிதமாயிற்று. தன்னியல்பாக நின்ற பனை என்று எதனைச் சொல்வது? மண்ணையும் மழையையும் தனிமையையும் காலத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சும் பனை ஏது? சார்பினால் தோன்றுவதே எப்பொருளும் என்று கற்ற நமக்கு இது விளங்காததன்று.

"தாவரத் தோட்டத்தில் நட்டுக் காக்கலாமே" எனின், காக்கலாம், காப்பதும் நன்றே. ஆயினும் செயிண்டு எலினாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் கொண்டுவந்து விட்ட ஆடுகள், முள்ளறியாத அத்தீவின் இளஞ்செடிகளை மேய்ந்தன. எஞ்சியதைக் கோடரி தின்றது. அத்தீவுக்கே உரிய ஒலிவ மரத்துள் காட்டில் நின்ற கடைசி மரம் 1994-இல் பட்டது. வளர்ப்பில் காத்த கடைசிச் செடியும் 2003-இல் மடிந்தது. அறிந்தோர் அருகிருந்து பேணியும் பயனில்லை.

நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில், எந்திரத்தில் விரல் இழந்த தோழர்களைக் கண்டிருக்கின்றோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டை விரலுக்கு நூற்றுக்கு 30 என்றும், சுட்டு விரலுக்கு நூற்றுக்கு 14 என்றும் கண்டிருந்தது. அது விரலின் விலையன்று. சம்பாதிக்கும் திறனில் நேர்ந்த குறைவின் அளவு. அதனைப் போராடிப் பெறுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் பணம் பெற்ற எத்தோழரும் விரல் திரும்பிற்று என்று சொன்னதில்லை; கொடுத்த முதலாளியும் அவ்வாறு சொல்லத் துணிந்ததில்லை. காட்டின் வழக்கில் மட்டும் அத்துணிவு எங்கிருந்து வந்தது? மரம் வாய் திறவாது என்பதனால் அன்றோ? அத்தீவின் காட்டை நம்பி வாழும் ஷோம்பென் மக்களுக்கு வாய் உண்டு; அரியானாவில் வளரும் மரத்தின் நிழல்தான் அவர்களை எட்டாது.

அரியானாவில் மரம் நடுதல் வேண்டாம் என்போமல்லோம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் தீவின் மரம் அவ்வறண்ட மண்ணில் நில்லாது. ஆயின் அம்மண்ணுக்கே உரிய வன்னி நிற்கும். நம் வெக்காலிக்கு உறவாகி, ஆரவல்லிப் பாறைகளில் வேரூன்றும் தவ் மரமும் நிற்கும். தில்லியின் புழுதிக்கு அவை மிகவும் வேண்டுவன. அவற்றை அவற்றின் பெயராலேயே நட்டு, அரியானாக் கணக்கில் வரவு வைப்போம். நிக்கோபாரில் விழும் மரங்களை நிக்கோபார்க் கணக்கில் இழப்பு என்றே எழுதுதல் வேண்டும்.