பேகன் மயிலை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை

கண்டி வாவியில் அலிகேட்டர் கார் என்ற மீன் புகுந்திருப்பதும் அதைப் பிடித்து அகற்ற அதிகாரிகள் படும் பாடும் அண்மைக் காலத்தில் நகரெங்கும் பேசப்பட்டன. வட அமெரிக்க ஆறுகளுக்குரிய அந்த மீன் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். யாரோ குஞ்சாக வாங்கி வளர்த்து, தொட்டி போதாமற்போனதும் வாவியில் விட்டிருக்க வேண்டும் என்பதே பொதுவான கணிப்பு. தலதா மாளிகையின் முன்னால் மீன்களுக்குப் பொரி தூவிப் புண்ணியம் தேடும் மக்கள் நிற்கிற கரை அது.

யார் விட்டது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏன் வாங்கினார்கள் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியை நன்னீர் மீனோடு நிறுத்திவிடவும் முடியாது. இன்று வசதியுள்ள வீடுகளின் வரவேற்பறைக்கு உப்புநீர்த் தொட்டியும் வந்துவிட்டது. அதற்குள் முருகைக்கற்பாறையிலிருந்து பிடித்துவந்த கோமாளி மீனோ வண்ணத்துப்பூச்சி மீனோ நீந்துகிறது. கண்ணுக்கு இன்பம் என்ற ஒரே காரணத்துக்காக அந்தச் சிற்றுயிரை மலைநாட்டில் அடைத்துவைப்பது அறமன்று. இதை மென்று விழுங்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்புக் கடலுக்கு 115 கிலோமீட்டர். இங்கே ஒரு கடல்மீன் உயிரோடிருக்க, லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்த நீர் மாறாமல் இருக்கவேண்டும். மார்கழிக் குளிரில் நீர் ஆறிவிடக் கூடாது. நீரைச் சுழற்றும் மோட்டார் நிற்கவே கூடாது. 2022 மார்ச் இறுதியில் இந்த நாடு ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் தீவு முழுவதும் இருண்டது. மனிதர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு காத்திருக்கலாம். தொட்டி மீனுக்கோ அத்தனை நேரமும் மூச்சு முட்டல். தன் உயிர் ஒரு மின்கம்பியில் தொங்கும் நிலையை அது கேட்டுப் பெறவில்லை.

இலங்கையிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியாகும் சிறுமீன்களில் துப்புரவு மீன் ஒன்று. விரல் நீளம், நீல உடல், தலையிலிருந்து வால்வரை ஒரு கரும்பட்டை. பாறையில் தனக்கென ஓரிடம் வைத்துக்கொண்டு உடலை அசைத்து அசைத்து ஆடும். அதைக் கண்ட பெரிய களவா மீன் வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். இந்தச் சிறுமீன் அந்த வாய்க்குள்ளேயே புகுந்து, செவுள் இடுக்கிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வெளியே வரும். அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைத் திட்டுகளிலிருந்து இதை எட்டரை ஆண்டுகள் அகற்றிவைத்துப் பார்த்தார்கள். அங்கே குடியிருந்த மீன்களின் எண்ணிக்கை 37 விழுக்காடு குறைந்திருந்தது. ஜப்பானின் மசனோரி கோடாவும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இதன் தொண்டையில் ஒரு புள்ளியிட்டுக் கண்ணாடி காட்டினார்கள். தன் உருவைப் பார்த்த மீன், புள்ளியைத் தேய்த்தகற்ற அடித்தரையில் தொண்டையை உரசியது. அப்படிப்பட்ட உயிரை, துப்புரவு செய்ய ஒரு மீனும் இல்லாத கண்ணாடிப் பெட்டியில் விட்டால் அது பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து சாகிறது. முருகைப் பூச்சிகளை மட்டுமே உண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளுக்கும் இதே கதி.

பாறைகளோ ஏற்கெனவே நோயுற்றிருக்கின்றன. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளிலும் முருகைகள் வெளுத்துப் பெருவாரியாக மடிந்தன. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. நோயாளியின் வீட்டிலிருந்து மருத்துவரைக் கடத்திவருவது போன்ற செயலுக்கு அலங்காரம் என்று பெயரா?

நம் முன்னோர் இந்த வழக்கை என்றோ தீர்த்துவிட்டார்கள். பேகன் மலைநாட்டுத் தலைவன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயிலைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போகவில்லை. பாரியும் அப்படியே. முல்லைக்கொடியைப் பிடுங்கித் தன் தோட்டத்தில் நடாமல், தேரைக் காட்டில் விட்டு நடந்தான். உயிர் இருக்கும் இடத்துக்கு மனிதன் போவதைத்தான் தமிழ் மரபு அருள் என்று கொண்டாடியது. திருவள்ளுவர் அருளுடைமை, புலால் மறுத்தல், இன்னா செய்யாமை, கொல்லாமை என்று அதிகாரம் அதிகாரமாக வகுத்ததும், பிற உயிரின் நோவைத் தன் நோவாக உணராத அறிவால் பயனென்ன என்று கேட்டதும் இதற்காகவே. பயிர் வாடக் கண்டே நெஞ்சு நொந்தவர் வள்ளலார்.

பௌத்தத்தின் பக்கம் திரும்பினாலும் தீர்ப்பு மாறாது. இல்லறத்தார் தவிர்க்கவேண்டிய ஐந்து வணிகங்களில் உயிர் வணிகத்தையும் அங்குத்தர நிகாயம் வைத்திருக்கிறது. அசோகர் தம் ஐந்தாம் தூண் கல்வெட்டில், குறித்த நாள்களில் மீனைக் கொல்லவும் விற்கவும் கூடாதென்று ஆணையிட்டார். எல்லாளன் பகை அரசனாக இருந்தும், அவன் கட்டிய ஆராய்ச்சி மணியைக் குஞ்சு இழந்த ஒரு தாய்ப்பறவை அடித்ததையும் அவன் நீதி வழங்கியதையும் மகாவம்சம் பதிந்துவைத்திருக்கிறது. மீனுக்கு அந்த மணியை எட்ட வழியில்லை. அதனால்தான் அதன் வழக்கை மனிதர் எடுத்துப் பேசவேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. இலங்கையில் சுமார் 50,000 பேர் கடல் அலங்கார உயிரின ஏற்றுமதியில் நேரடியாக ஈடுபட்டிருப்பதாக ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அவர்களுடைய அடுப்பு எரியவேண்டும் என்பதில் ஐயமில்லை. மாற்றுத் தொழில் தேடித்தருவது அரசின் கடன். சந்தையில் மீன் வாங்கித் தின்பவருக்குத் தொட்டியைக் குறைசொல்ல என்ன உரிமை என்றும் கேட்கலாம். பசிக்கு உண்பதும் பார்ப்பதற்குச் சிறைவைப்பதும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. தமிழ்நாட்டின் மண்டபம் ஊரில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்துத் தருகிறார்கள் என்றால், பாறைக்கு அது நன்மை. ஆனால் மின்சாரம் போகும் இரவில் அந்தக் குஞ்சுக்கும் மூச்சுத்தான் முட்டும்.

ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் இரக்கம் வந்தவுடன் மீனை வாவியிலோ மகாவலியிலோ விட்டுவிடக் கூடாது. நன்னீர் அதைக் கொன்றுவிடும். காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோய்க் கடலில் விடுவதும் வேண்டாம். தொட்டி நோய் கடலுக்குப் பரவலாம். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கிவைத்து, மீனின் ஆயுள் முடியும்வரை அதைக் குறைவின்றிப் பேணுவதே அவர்கள் பட்ட கடன். அதன் இடத்துக்கு இன்னொன்றை வாங்கக் கூடாது. பிள்ளைகள் கடல்மீனைப் பார்க்க ஆசைப்பட்டால், மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக்கு எதிரே புறாமலைக் கடல் அமைதியாக இருக்கும். அது கொந்தளிக்கும் மாதங்களில் ஹிக்கடுவைக் கடல் அடங்கியிருக்கும். முகக்கண்ணாடி அணிந்து, முருகையை மிதிக்காமல், கையை நீட்டாமல் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தொட்டிக்கும் உப்புக்கும் மோட்டாருக்கும் கொட்டும் பணத்தில் சிறு பங்கு போதும், கண்டியிலிருந்து குடும்பத்தோடு போய்வர.