இறுதித் தீர்ப்பும் உண்மையும்

தீர்ப்பளிக்கும் அதிகாரம் எங்கேனும் ஓரிடத்தில் முடிவுற்றாக வேண்டும். அன்றேல் வழக்குகளுக்கும் முடிவில்லை; ஆட்டங்களுக்கும் முடிவில்லை. ஆயின் அவ்வதிகாரத்தைத் தாங்கி நிற்பவர் மனிதர். மனிதர் தவறக்கூடியவர். தவறக்கூடிய ஒருவரிடம் மாற்றவியலாத அதிகாரத்தை ஒப்படைத்தல் நியாயமாகுமா? அவர் தவறினார் என்பது ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்ட பின்னரும் அவர் தீர்ப்புக்குப் பணிதல் அறமாகுமா? பணிவது அறமாயின், உண்மைக்கு நாம் செலுத்தும் மதிப்பு யாது?

இவ்வினாக்கள் நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் உரியனவாகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளன. எனினும், விளையாட்டுத் திடலில் இவை மிகத் தெளிந்த வடிவிற் காட்சி தருகின்றன. அங்கு விதிகள் எழுத்தில் உள்ளன. செயல் ஒரு கணத்தில் முடிந்து விடுகின்றது. பல்லாயிரவர் கண் முன்னே தீர்ப்பு அளிக்கப்படுகின்றது. வேறு துறைகளிற் பல காரணங்களுடன் பின்னிப் பிணைந்து கிடக்கும் பிரச்சினை, இங்கு தனித்தெடுத்து நோக்கத்தக்கதாக அமைகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு நடைபெற்ற பேஸ்போல் இறுதித் தொடரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வகையில் நுணுகி ஆராயற்பாலது.

அவ்வாண்டு செயின்ற் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் கன்சாஸ் சிற்றி றோயல்ஸ் அணியும் இறுதித் தொடரில் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணியே வாகை சூடும். ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது கார்டினல்ஸ் மூன்றை வென்றிருந்தது. ஒக்டோபர் 26ஆம் திகதி கன்சாஸ் சிற்றியில் நடைபெற்ற ஆறாவது ஆட்டத்தில், ஒன்பதாவதும் இறுதியானதுமான சுற்றின் பிற்பாதி தொடங்குகையில், அவ்வணி ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் முன்னின்றது. எதிரணியினர் மூவரை ஆட்டமிழக்கச் செய்தாற் போதும், வெற்றி கிட்டிவிடும்.

றோயல்ஸ் அணியின் ஜோர்ஜ் ஓர்டா முதலில் ஆட வந்தார். அவர் அடித்த பந்து நிலத்திற் பட்டு மெதுவாக உருண்டு சென்றது. முதலாந் தளக் காவலரான ஜக் கிளார்க் அதனை எடுத்து, தளத்தை நோக்கி ஓடிவந்த பந்துவீச்சாளர் ரொட் வொறலுக்கு எறிந்தார். அடித்தவர் தளத்தை அடையுமுன் பந்து அங்கு நிற்பவரின் கையுறையை அடைந்தால் அவர் ஆட்டமிழப்பார் என்பது விதி. பந்து முந்தியது, ஓர்டா பிந்தினார். தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டிய படத்தில் இது தெளிவாகவே தெரிந்தது. ஆனால், முதலாந் தளத்தருகே நின்ற நடுவர் டொன் டெங்கிஞ்ஜர் இரு கைகளையும் விரித்து, ஓர்டா ஆட்டமிழக்கவில்லை எனத் தீர்ப்பளித்தார். கார்டினல்ஸ் முகாமையாளர் வைற்றி ஹேர்சொக்கின் எதிர்ப்புப் பயனளிக்கவில்லை. அச்சுற்றிலேயே றோயல்ஸ் இரண்டு ஓட்டங்களைப் பெற்று அவ்வாட்டத்தை வென்றது. மறுநாள் நடந்த ஏழாவது ஆட்டத்தில் 11 ஓட்டங்களுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்று வாகையும் சூடியது.

இந்நிகழ்ச்சி எழுப்பும் முதல் வினா மெய்ப்பொருள் பற்றியது. ஓர்டா ஆட்டமிழந்தாரா, இல்லையா? பேஸ்போல் உலகில் வழங்கும் பழங்கதையொன்று உண்டு. மூன்று நடுவர்கள் தத்தம் தொழிலைப் பற்றி உரையாடுகின்றனர். உள்ளதை உள்ளவாறே தாம் அறிவிப்பதாக முதல்வர் கூறுகின்றார். தாம் கண்டவாறு அறிவிப்பதாக இரண்டாமவர் கூறுகின்றார். தாம் அறிவிக்கும்வரை அங்கு எதுவுமே இல்லை என மூன்றாமவர் முடிக்கின்றார். நகைச்சுவைக்காகச் சொல்லப்படுவதாயினும் இக்கதை மெய்யியலின் மூன்று நிலைப்பாடுகளைத் தன்னுள் அடக்கியுள்ளது.

மூன்றாம் நடுவரின் கூற்றில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆட்டத்தின் கணக்கேட்டில் ஓர்டா ஆட்டமிழக்கவில்லை. அதனை இனி எவராலும் மாற்றவியலாது. ஆனால், நடுவர் சொல்வதே உண்மை என்று கொண்டால் 'நடுவர் தவறினார்' என்ற வாக்கியமே பொருளற்றதாகிவிடும். சட்ட மெய்யியலறிஞர் எச். எல். ஏ. ஹாட் 1961இல் வெளியிட்ட 'சட்டம் என்னும் எண்ணக்கரு' என்ற நூலில் இச்சிக்கலை விளையாட்டை உவமையாகக் கொண்டே விடுவிக்கின்றார். ஓட்டங்களைக் கணிப்பவரின் முடிவு இறுதியானது என்பது வேறு. அவர் நினைத்ததெல்லாம் ஓட்டமாகும் என்பது வேறு. பின்னையதே விதியாயின் அது முற்றிலும் வேறோர் ஆட்டமாகும். அதனை ஆடுவதில் எவருக்கும் நாட்டமிராது. கணிப்பவரும் விதிக்குக் கட்டுப்பட்டவரே. அவர் தவறு சிற்சில வேளைகளிற் பொறுக்கப்படலாம். அதனால் விதி அவருடைய விருப்பமாக மாறிவிடுவதில்லை.

ஆகவே, இறுதியானது என்பதும் பிழையற்றது என்பதும் இருவேறு தன்மைகள். இவ்வேறுபாட்டை மறப்பவர் இரு சாராரிலும் உளர். அதிகாரத்தில் உள்ளோர், தம் சொல் இறுதியானது என்பதனால் அது சரியானது என மயங்குகின்றனர். அதிகாரத்தால் தாக்கமுற்றோர், தீர்ப்புப் பிழையானது என்பதனால் அது செல்லாதது என மயங்குகின்றனர். இரண்டும் ஒரே வழுவின் இரு முகங்களாம்.

பிழையென்று அறிந்த தீர்ப்புக்கு ஏன் பணிய வேண்டும் என்பது அடுத்த வினா. 1971இல் வெளிவந்த 'நீதிக் கோட்பாடு' என்ற நூலில் ஜோன் றோல்ஸ் நடைமுறை சார்ந்த நீதியை மூவகைப்படுத்துவார். எது நீதி என்பதற்குத் தனியான அளவுகோலும், அதனைத் தவறாது எய்தும் வழியும் உள்ள இடத்து நடைமுறை நிறைவானது. அளவுகோல் இருந்தும் அதனைத் தவறாது எய்தும் வழி இல்லாவிடத்து நடைமுறை குறைவுடையது. தனியான அளவுகோலே இல்லாது, நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றியதனாலேயே விளைவு நீதியாகுமிடத்து அது தூய நடைமுறை நீதி. குற்றவியல் விசாரணையை இரண்டாவது வகைக்கும், நேர்மையான சூதாட்டத்தை மூன்றாவது வகைக்கும் அவர் எடுத்துக்காட்டுவார்.

நடுவரின் தீர்ப்பு எவ்வகையினது? அது சூதாட்டத்தைப் போன்றதன்று. பந்து முந்தியதா, கால் முந்தியதா என்பதற்கு அவர் கருத்துக்கு அப்பாற்பட்ட உண்மை ஒன்று உண்டு. அவ்வுண்மையைத் தவறாது எய்தும் வழிதான் அவரிடம் இல்லை. எனவே அது நீதிமன்றத் தீர்ப்பைப் போன்று, குறைவுடைய நடைமுறையின் விளைவேயாகும். இத்தகைய நடைமுறையை ஏற்று ஆடவருவோர், அது சிலவேளை தமக்கு மாறாகத் தவறும் என்பதையும் உடன் ஏற்றுக்கொள்கின்றனர். சாதகமான பிழைகளின் பயனை மறுக்காது பெற்றுவந்த ஓரணி, பாதகமான பிழை நேர்ந்தபோது மட்டும் நடைமுறையையே மறுத்தல் நேர்மையாகாது. பணிவதற்கான கடமை, தீர்ப்பு உண்மையானது என்பதிலிருந்து பிறப்பதன்று. நடைமுறை இரு சாராருக்கும் பொதுவானது, பக்கஞ்சாராதது என்பதிலிருந்து பிறப்பது. ஆகையால் அக்கடமைக்கு ஓர் எல்லையும் உண்டு. நடுவர் விலைபோனவராயின் அல்லது ஒரு சாராருக்கென ஒரு விதியும் மறு சாராருக்கென வேறொரு விதியும் கொண்டவராயின் அக்கடமையின் அடிப்படையே தகர்ந்துவிடும்.

இவ்விடத்திற் பிழைக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாடு முதன்மை பெறுகின்றது. ஒருவரால் பிறருக்கு நேரும் தீங்கினை, எதிர்பார்க்கவியலாத விபத்து, அறியாமையால் நேர்ந்த தவறு, அறிந்தே இழைத்த அநீதி என அரிஸ்டோட்டில் பகுத்துக் காட்டியுள்ளார். டெங்கிஞ்ஜரின் தீர்ப்பு இவற்றுள் எதன்பாற்படும்? முதலாந் தளத்து நடுவர்கள் ஓடுபவரின் காலைக் கண்ணால் நோக்கி, கையுறையிற் பந்து விழும் ஓசையைச் செவியாற் கேட்டு, எது முந்தியது என்பதைக் கணிப்பது வழக்கம். அன்றிரவு அரங்கை நிறைத்த ஆரவாரத்தில் அவ்வோசை கேட்கவில்லை. நெடிய உருவினரான வொறல் பந்தை உயரத்திற் பிடித்தார். மிக அண்மையில் நின்ற நடுவரால் காலையும் கையுறையையும் ஒருங்கே காணவியலவில்லை. கற்ற முறையை வழுவாது பின்பற்றிய ஒருவரை அம்முறையே அன்று கைவிட்டது. இது தவறு, அநீதியன்று.

தமிழர் நன்கறிந்த சிலப்பதிகாரப் பாண்டியன் நெடுஞ்செழியனை இங்கு ஒப்பிட்டு நோக்குதல் பொருந்தும். கோவலன் குற்றமற்றவன் என்பதை அறிந்த கணமே அரியணையில் உயிர் நீத்தவன் அம்மன்னன். அவன் பிழை கண்ணின் பிழையன்று, ஆராயாமையின் பிழை. வினவுவதற்குக் காலமும், வினவத்தக்க சான்றும் இருந்தும் அவன் வினவவில்லை. நடுவருக்கோ ஒரு கணமே உண்டு. ஆராய இடமிருந்தும் ஆராயாதவரின் பொறுப்பும், ஆராய இடமில்லாதவரின் பொறுப்பும் ஒரே நிறுவையில் இடத்தக்கன அல்ல. எனினும் இருவருக்கும் பொதுவான ஒன்றுண்டு. பிழை வெளிப்பட்ட பின்னர் அதனை ஏற்றலே அது. பாண்டியன் தன் ஆணையைக் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. டெங்கிஞ்ஜரும் படத்தைக் கண்ட பின்னர்த் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார். 2023இல் மறையும்வரை அதனை மறுத்தாரல்லர். மிரட்டற் கடிதங்கள் அவர் இல்லத்தைத் தேடி வந்தன. அவற்றை எழுதியோர் ஒரு தவறுக்கு அநீதியால் மறுமொழி கூறியவர்களாவர்.

இனி, தவறினாற் பாதிக்கப்பட்டவரின் கடமையையும் நோக்குதல் வேண்டும். கார்டினல்ஸ் அணி வாகையை இழந்தமைக்கு டெங்கிஞ்ஜரே காரணம் என்பது பலரின் முடிவு. அத்தீர்ப்பின் பின் நிகழ்ந்தவற்றை நிரல்பட நோக்கின் அம்முடிவு ஆட்டங்காண்கின்றது. அடுத்து ஆடிய ஸ்ரீவ் பல்போனி, எல்லைக்கோட்டுக்கு வெளியே மேலெழச் செய்த பந்தைக் கிளார்க் பிடிக்கத் தவறினார். பின் பல்போனி தளமேறினார். அடுத்த ஆட்டக்காரரின் மென்தட்டலின்போது ஓர்டா மூன்றாந் தளத்தில் ஆட்டமிழந்தார். அதாவது, தவறான தீர்ப்பினாற் பிழைத்த அதே மனிதர் ஓட்டமெதுவும் பெறாமலே வெளியேறினார். பின் பந்து காப்பாளர் டரல் போட்டர் ஒரு பந்தைத் தவறவிட, ஓட்டக்காரர் இருவரும் ஒவ்வொரு தளம் முன்னேறினர். டேன் ஓர்க் அடித்த பந்தில் அவ்விருவரும் ஓட்டம் பெற்றனர். மேலும், அத்தொடரின் ஏழு ஆட்டங்களிலும் கார்டினல்ஸ் பெற்றவை 13 ஓட்டங்கள் மாத்திரமே.

நடுவரின் தவறு விளைவற்றது என்பது இதன் கருத்தன்று. ஓர்டா வெளியேற்றப்பட்டிருப்பின் அச்சுற்றின் போக்கே வேறாகியிருக்கும். பின் நிகழ்ந்தவற்றுள் எது நிகழ்ந்திருக்கும், எது நிகழ்ந்திராது எனக் கூற எவராலும் இயலாது. ஆனால், இவ்வியலாமை இரு பக்கமும் வெட்டுவது. தவறில்லாதிருந்தால் வெற்றி உறுதி என்று சொல்லவும் அது இடமளியாது. ஒரு காரணம் பல காரணங்களுள் ஒன்றாயிருக்க, அதனையே முழுமுதற் காரணமாக்கும்போது பாதிக்கப்பட்டவர் தமக்கே ஒரு தீங்கு செய்துகொள்கின்றார். தம் கையில் எஞ்சியிருந்த வாய்ப்புகளை அவர் காணாதொழிகின்றார். மறுநாள் ஆட்டமும் எஞ்சியிருந்தது. அன்று முதன்மைத் தளத்தில் நின்ற நடுவர் டெங்கிஞ்ஜரே. முகாமையாளரும் பந்துவீச்சாளர் ஒருவரும் அவருடன் வாதிட்டுத் திடலினின்றும் வெளியேற்றப்பட்டனர். முன்னைய நாளின் மனக்குறை அன்றைய ஆட்டத்தையும் விழுங்கிவிட்டது எனலாம்.

இதற்கு மறுதலையான காட்சியொன்று 2010ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி டிட்றோயிற் நகரில் நிகழ்ந்தது. ஆமாண்டோ கலறாகா என்ற பந்துவீச்சாளர் எதிரணியினர் 26 பேரைத் தொடர்ந்து வெளியேற்றியிருந்தார். 27ஆமவரையும் வெளியேற்றின் அது பேஸ்போல் வரலாற்றில் மிக அரிதான நிறைவாட்டமாகும். இருபத்தேழாமவர் பிந்தியே தளத்தை அடைந்தார். நடுவர் ஜிம் ஜோய்ஸ் ஆட்டமிழக்கவில்லை என்றார். ஆட்டம் முடிந்து படத்தைக் கண்டதும் ஜோய்ஸ் தம் தவறைத் தாமே அறிவித்து, கண்ணீருடன் மன்னிப்பு வேண்டினார். மறுநாள் அணியின் ஆட்டக்காரர் பட்டியலைத் திடலில் நின்ற ஜோய்ஸிடம் கையளிக்க வந்தவர் கலறாகாவே. தீர்ப்பு மாற்றப்படவில்லை. கணக்கேட்டில் அது நிறைவாட்டமன்று. எனினும் இருவரும் உண்மையை மறைக்கவுமில்லை; தீர்ப்பை மீறவுமில்லை.

2014ஆம் ஆண்டு முதல் இத்தகைய தீர்ப்புகள் நியூயோர்க்கிலுள்ள நிலையமொன்றில் ஒளிப்படங்களைக் கொண்டு மீளாய்வு செய்யப்படுகின்றன. டெங்கிஞ்ஜரின் தவறு இன்று நேர்ந்தால் சில நிமிடங்களிற் திருத்தப்படும். இது வரவேற்கத்தக்கதே. திருத்தக்கூடிய பிழையைத் திருத்தாது விடுவதற்கு மரபு ஒரு நியாயமாகாது. ஆனால், இதனால் மூலப் பிரச்சினை ஒழிந்துவிட்டதெனக் கருதுதல் பொருந்தாது. தெளிவான சான்று கிட்டாவிடத்து, மீளாய்விலும் திடல் நடுவரின் தீர்ப்பே நிலைத்து நிற்கும். மீளாய்வு செய்பவரும் மனிதரே. அவர் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. இறுதி அதிகாரம் இடம் மாறியுள்ளது, இல்லாதொழியவில்லை.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இதுவாகும். தீர்ப்புக்குப் பணிதல் என்பது செயலின் ஒழுக்கம். உண்மையைக் கைவிடாமை அறிவின் ஒழுக்கம். ஒன்றின் பெயரால் மற்றொன்றைப் பலியிட வேண்டியதில்லை. ஆட்டத்தை வென்ற அணி றோயல்ஸ் என ஏற்கும் அதே வாய், ஓர்டா பிந்தினார் எனவும் கூறலாம், கூறவும் வேண்டும். அவ்வாறு கூறப்படுவதைச் செவிமடுக்க மறுக்கும் அதிகாரமே அஞ்சத்தக்கது. ஒரு நிறுவனம் தன் சொல்லை இறுதியாக்கிக்கொள்ளும் உரிமையைப் பெறும்போது, தன் பிழையை ஒப்பும் கடமையையும் உடன் பெறுகின்றது. விளையாட்டுத் திடலின் நடுவர் சிலர் இக்கடமையைச் செய்து காட்டியுள்ளனர். ஓர் ஆட்டத்தினும் பெரிய காரியங்களில், மனிதரின் உயிரும் உடைமையும் உரிமையும் பற்றித் தீர்ப்பளிக்கும் பீடங்களில் அமர்ந்திருப்போரிடம் அதனை எதிர்பார்த்தல் மிகையாகாது.